விடுதலை கொடுத்த ஜாரைக் கொன்றது ஏன்? இரண்டாம் அலெக்சாந்தர் காலத்து ருஷ்யா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ருஷ்ய நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு ஜார், பண்ணையடிமை, சைபீரியா, நரோத்னிக் என்ற சொற்களெல்லாம் பழக்கம்தான். ஆனால் ஒரு கேள்வி மட்டும் விடாமல் வந்து நிற்கும். 2 கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் பண்ணையடிமைத்தனத்திலிருந்து விடுவித்த ஜாரை, அதாவது ருஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரை, அந்த மக்களுக்காகப் போராடியவர்களே ஏன் விரட்டி விரட்டிக் கொன்றார்கள்? அதையொட்டி எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். தேதிகளை ருஷ்யாவில் அப்போது வழக்கிலிருந்த பழைய நாட்காட்டிப்படி கொடுத்திருக்கிறேன். நம் நாட்காட்டிக்கு 12 நாள் (1900க்குப் பிறகு 13 நாள்) கூட்டிக்கொள்ளுங்கள்.

ஜாருக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது?

சட்டப்படியே எல்லையில்லாத அதிகாரம். 1832இல் தொகுக்கப்பட்ட பேரரசின் அடிப்படைச் சட்டங்கள், ஜாருக்குக் கீழ்ப்படிவது கடவுளின் கட்டளை என்றே எழுதிவைத்தன. பாராளுமன்றம் கிடையாது, கட்சி கிடையாது. பத்திரிகையும் புத்தகமும் தணிக்கையைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும்.

1825 டிசம்பர் 14 அன்று சில ராணுவ அதிகாரிகள் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கின் செனட் சதுக்கத்தில் படையோடு நின்று, புதிய ஜார் முதலாம் நிக்கலாய்க்கு விசுவாச உறுதி எடுக்க மறுத்தார்கள். பீரங்கி பதில் சொன்னது. 5 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சைபீரியாவுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே 'மூன்றாவது பிரிவு' என்ற ரகசியப் போலீஸ் உருவானது. நிக்கலாயின் 30 ஆண்டு ஆட்சியில் அரசியலை நேராகப் பேச இடமே இல்லாததால் அது கவிதைக்குள்ளும் கதைக்குள்ளும் இலக்கிய விமர்சனத்துக்குள்ளும் போய் ஒளிந்துகொண்டது. ருஷ்ய இலக்கியத்தின் அந்தக் கனத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

பண்ணையடிமை என்றால் அடிமைதானா?

சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு. வாழ்ந்தவருக்கு வித்தியாசம் குறைவு. நிலப்பிரபுவின் வயலில் வாரத்தில் பாதி நாள், சில இடங்களில் அதற்கும் மேல், கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அல்லது ஆண்டுக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். பிரபு நினைத்தால் சவுக்கால் அடிக்கலாம், விற்கலாம், பட்டாளத்துக்கு அனுப்பலாம். திருமணத்துக்கும் அவருடைய அனுமதி வேண்டும். ஒருவரின் சொத்தை 'எத்தனை ஆன்மா' என்றே கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் ஆண்கள் மட்டும்தான் வருவார்கள். 1850களின் முடிவில் தனியார் பிரபுக்களுக்குக் கீழே இப்படி இருந்தவர்கள் ஏறக்குறைய 2 கோடியே 30 லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விவசாயிகளிடம் ஒரு பழைய நம்பிக்கை இருந்தது: நாங்கள் உங்களுடையவர்கள், ஆனால் நிலம் எங்களுடையது. பிரபுவுக்குத் தாங்கள் சொந்தம் என்பதைச் சகித்துக்கொண்டார்கள். உழுகிற நிலம் பிரபுவுக்குச் சொந்தம் என்பதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னால் வந்த சிக்கலெல்லாம் இங்கேதான் வேர் விட்டது.

1861இல் ஏன் திடீரென்று விடுதலை வந்தது?

திடீரென்று வரவில்லை. நிக்கலாய் காலத்திலேயே இதை ஆராயக் கமிட்டி மேல் கமிட்டியாக ரகசியமாகக் கூடிக் கலைந்தன. தள்ளிவிட்டது கிரிமியப் போர். 1853 முதல் 1856 வரை நடந்த அந்தப் போரில், தன் மண்ணிலேயே ருஷ்யா பிரிட்டனிடமும் பிரான்சிடமும் தோற்றது. தெற்கே படையைக் கொண்டுபோக ரயில் பாதை இல்லை, துப்பாக்கிகள் பழையவை, சிப்பாய்களோ பட்டாளத்துக்குப் பிடித்துக் கொடுக்கப்பட்ட பண்ணையடிமைகள்.

போருக்கு நடுவே 1855இல் அரியணை ஏறிய இரண்டாம் அலெக்சாந்தர், 1856 மார்ச்சில் மாஸ்கோ பிரபுக்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்: பண்ணையடிமை முறை கீழேயிருந்து தானாக ஒழியத் தொடங்கும்வரை காத்திருப்பதைவிட மேலேயிருந்து ஒழிப்பது நல்லது. அவரிடம் இரக்கமும் இருந்தது, பயமும் இருந்தது. பயம்தான் அதிகம் என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரபுக்களில் பெரும்பாலோர் முணுமுணுத்தபோதும் 5 ஆண்டுகள் அவர் பின்வாங்காமல் நின்றார். நிக்கலாய் மிலியூதின் போன்ற அதிகாரிகளும், ஜாரின் தம்பி கன்ஸ்தந்தீனும், சித்தி எலேனா பாவ்லவ்னாவும் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது.

விவசாயிக்கு அந்தச் சட்டம் என்ன கொடுத்தது?

1861 பிப்ரவரி 19 அன்று ஜார் கையெழுத்திட்டார். மார்ச் மாதத்தில் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. இனி விவசாயியை விற்க முடியாது. அவர் விருப்பப்படி திருமணம் செய்யலாம், சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம், வியாபாரம் செய்யலாம். இதைச் சிறியது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. தன் மகளை இன்னொருவர் விற்க முடியாது என்பது ஒரு தகப்பனுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

நிலமும் கிடைத்தது. ஆனால் இலவசமாக இல்லை, முழுதாகவும் இல்லை. வளமான கரிசல் பகுதிகளில், விவசாயிகள் அதுவரை தங்களுக்காக உழுதுவந்த நிலத்தில் ஒரு பகுதியைப் பிரபுக்கள் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். மேய்ச்சல் நிலம், தண்ணீருக்குப் போகும் வழி, விறகு பொறுக்கும் காடு என்று, இல்லாமல் பிழைக்க முடியாத இடங்கள் பல இடங்களில் பிரபுவிடமே நின்றுவிட்டன. வீட்டு வேலை செய்த பண்ணையடிமைகளுக்கு நிலமே இல்லை.

மீதி நிலத்துக்கு விலை வைத்த விதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு விவசாயி பிரபுவுக்கு ஆண்டுக்கு 10 ரூபிள் கட்டி வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 10 ரூபிளை ஆண்டுக்கு 6 சதவீத வட்டியாகத் தரக்கூடிய முதல் எவ்வளவோ அதுதான் விலை: 166 ரூபிள் 67 கோபெக். முழு நிலமும் வாங்கினால் இதில் 80 சதவீதத்தை அரசு பிரபுவிடம் கடன் பத்திரமாகக் கொடுத்துவிடும். மீதியை விவசாயியே பிரபுவுக்குத் தர வேண்டும். அரசு கொடுத்த 133 ரூபிள் சொச்சத்துக்கு விவசாயி ஆண்டுக்கு 8 ரூபிள் வீதம் 49 ஆண்டுகள் கட்ட வேண்டும். பெருக்கிப் பாருங்கள், 392 ரூபிள். மண் மோசமான வடக்குப் பகுதிகளில் விவசாயி கட்டிவந்த பணம் நிலத்திலிருந்து வந்ததே இல்லை; நகரத்துக்குப் போய்க் கூலி வேலை செய்து சம்பாதித்தது. ஆக நிலத்தின் விலை என்ற பெயரில் அவர் தன் உடம்பையே விலை கொடுத்து மீட்டார்.

அப்புறம் இன்னொரு கட்டு. பெரும்பாலான ருஷ்யப் பகுதிகளில் நிலம் தனி ஆளிடம் வராமல் கிராமச் சமுதாயத்திடம் வந்தது. வரிக்கும் மீட்புத் தவணைக்கும் ஊர் முழுவதும் கூட்டாகப் பொறுப்பு. ஒருவர் ஊரை விட்டுப் போனால் அவருடைய பாரம் மற்றவர்கள் தலையில் விழும், எனவே ஊர் லேசில் விடாது. வெளியூர் போக ஊரின் அனுமதியோடு பாஸ்போர்ட் வேண்டும்.

விவசாயிகள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

நம்பவே இல்லை. ஜார் உண்மையான விடுதலையைக் கொடுத்துவிட்டார், பிரபுக்களும் அதிகாரிகளும் அதை மறைத்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். கசான் மாகாணத்தில் பெஸ்த்னா என்ற ஊர். அங்கே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த அந்தோன் பெத்ரோவ் என்ற விவசாயி சட்டப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, நிலமெல்லாம் விவசாயிக்கே என்று அதிலிருந்து பொருள் சொன்னார். சுற்று வட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்து கூடினார்கள். 1861 ஏப்ரல் 12 அன்று படை வந்து, ஆயுதமில்லாத அந்தக் கூட்டத்தின் மேல் சுட்டது. 50க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெத்ரோவ் சட்டப் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார். ஒரு வாரத்தில் அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

அந்தக் காட்சி என் மனதை விட்டுப் போனதே இல்லை. அவர் ஜாருக்கு எதிராக எழுந்தவர் இல்லை. ஜாரின் பெயரால் வந்த புத்தகமே தன்னைக் காக்கும் என்று நம்பியவர். செத்தவர்களுக்காகக் கசானில் நடந்த பிரார்த்தனையில் மாணவர்கள் திரண்டார்கள். அங்கே பேசிய வரலாற்று ஆசிரியர் ஷாப்பவ் கைதானார்.

மற்ற சீர்திருத்தங்கள் என்னென்ன?

1864இல் ஸெம்ஸ்த்வோ என்ற மாவட்ட, மாகாண மன்றங்கள் வந்தன. பிரபு, நகரவாசி, விவசாயி மூவரும் உறுப்பினர்கள்; ஆனால் மேல்கை பிரபுக்களுடையதே. பள்ளி, ஆஸ்பத்திரி, சாலை, பாலம் இவற்றுக்குப் பொறுப்பு. கிராமத்துக்கு மருத்துவர் வந்தது இவர்களால்தான். 1874இல் போர் அமைச்சர் த்மீத்ரி மிலியூதின் எல்லா வகுப்பினருக்கும் பொதுவான கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தார். நிக்கலாய் காலத்தில் 25 ஆண்டாக இருந்த சேவை 6 ஆண்டானது. படித்தவர்களுக்கு இன்னும் குறைவு.

எல்லாவற்றிலும் சிறந்தது 1864 நவம்பரில் வந்த நீதிமன்றச் சீர்திருத்தம். அதுவரை விசாரணை மூடிய அறையில், காகிதத்தில், லஞ்சத்தோடு நடந்தது. புதிய சட்டத்தில் திறந்த நீதிமன்றம், நீக்க முடியாத நீதிபதிகள், தொழில்முறை வழக்கறிஞர்கள், ஜூரி எல்லாம் வந்தன. ருஷ்யாவில் ஒருவர் எழுந்து நின்று அரசுக்கு எதிராகச் சட்டப்படி பேசக்கூடிய ஒரே மேடை நீதிமன்றம் என்றானது. இதன் விளைவு என்ன என்பதைக் கீழே பார்க்கப்போகிறோம்.

இவ்வளவு செய்தவர் பாராளுமன்றத்தை மட்டும் ஏன் கொடுக்கவில்லை?

கேட்டவர்கள் இருந்தார்கள். 1862 பிப்ரவரியில் ட்வேர் மாகாணப் பிரபுக்கள், எங்கள் சலுகைகளை விட்டுத்தருகிறோம், நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளைக் கூட்டுங்கள் என்று ஜாருக்கே எழுதினார்கள். அவர்களில் 13 பேரைப் பிடித்துப் பீட்டர் பால் கோட்டையில் அடைத்தார்கள். இவர்கள் குண்டு வைத்தவர்கள் இல்லை, புரட்சி பேசியவர்களும் இல்லை. விடுதலைச் சட்டத்தை நடைமுறைப்படுத்த நியமிக்கப்பட்ட மத்தியஸ்தர்களும் அவர்களுடைய சகாக்களும்.

தன் அதிகாரம் கடவுள் கொடுத்தது, அதைப் பங்குபோடும் உரிமை தனக்கே இல்லை என்று அலெக்சாந்தர் உண்மையாகவே நம்பினார். பிரபுக்கள் சபை வந்தால் விவசாயிக்குக் கொடுத்ததையும் பிடுங்கிக்கொள்ளும் என்ற கவலையும் அவரைச் சுற்றியிருந்த சீர்திருத்தக்காரர்களுக்கு இருந்தது. அது நியாயமான கவலைதான். ஆனால் அதே ஜார் 1863இல் பின்லாந்தின் பழைய மன்றத்தைத் திரும்பக் கூட்டினார். துருக்கியிடமிருந்து ருஷ்யப் படை மீட்டுக்கொடுத்த பல்கேரியாவுக்கு 1879இல் அரசியல் சட்டமே கிடைத்தது. பல்கேரியனுக்குத் தகுதி இருக்கும்போது ருஷ்யனுக்கு ஏன் இல்லை என்று படித்தவர்கள் கேட்டார்கள். அதற்கு அரசிடம் பதில் இல்லை.

எதிர்ப்பாளர்கள் என்பவர்கள் யார்?

முதல் தலைமுறையில் அலெக்சாந்தர் ஹெர்ஸன். 1857இலிருந்து லண்டனில் 'மணி' என்ற பத்திரிகையை அச்சிட்டார். அது கள்ளத்தனமாக ருஷ்யாவுக்குள் போனது, அமைச்சர்களும் படித்தார்கள். விடுதலை அறிவிப்பு வரும் என்று தெரிந்தபோது ஜாரை மனதாரப் பாராட்டியவர் அவர். பெஸ்த்னா அவரை உடைத்தது. 1863இல் ருஷ்ய ஆட்சிக்கு எதிராகப் போலந்து எழுந்தபோது அவர் போலந்தின் பக்கம் நின்றார். அதனால் ருஷ்ய வாசகர்கள் பலர் கைவிட்டார்கள்.

அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டி நிக்கலாய் செர்னிஷெவ்ஸ்கி. சரதோவ் பாதிரியாரின் மகன், பத்திரிகை ஆசிரியர். 1862இல் கைதானார். கோட்டைச் சிறையில் உட்கார்ந்து அவர் எழுதிய நாவல் தணிக்கையைத் தாண்டி 1863இல் அச்சானது. அதைப் படித்துத் தங்கள் வாழ்க்கையையே மாற்றிக்கொண்ட இளைஞர்கள் ஏராளம். 1864 மே மாதம் பொதுச் சதுக்கத்தில் அவரைத் தூணில் கட்டி, தலைக்கு மேல் வாளை உடைத்து, உரிமைகளைப் பறித்துச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். கூட்டத்திலிருந்து யாரோ ஒரு பூங்கொத்தை எறிந்தார்கள். ஏறக்குறைய 20 ஆண்டுகள் சைபீரியாவில் கழித்தார்.

சீர்திருத்தம் எப்போது திசை மாறியது?

1866 ஏப்ரல் 4 அன்று, பீட்டர்ஸ்பர்க் கோடைப் பூங்கா வாசலில், முன்னாள் மாணவன் கரக்கோஸவ் ஜாரைச் சுட்டான். குறி தவறியது.  செர்னிஷெவ்ஸ்கி எழுதிவந்த பத்திரிகை மூடப்பட்டது, கல்வி அமைச்சர் மாற்றப்பட்டார், ரகசியப் போலீஸ் பலமானது.

'மக்களிடம் செல்வோம்' என்பது என்ன?

1874 கோடையில் படித்த இளைஞர்களும் பெண்களும் பெரிய கூட்டமாகக் கிராமங்களுக்குக் கிளம்பினார்கள். விவசாயி உடை உடுத்தி, தச்சு, செருப்புத் தைத்தல் போன்ற தொழில்களை அவசரமாகக் கற்றுக்கொண்டு போனார்கள். யாரும் அவர்களை அனுப்பவில்லை. தங்கள் படிப்புக்கான காசு விவசாயியின் வேர்வை, அந்தக் கடனை அடைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். நரோத் என்றால் மக்கள். நரோத்னிக் என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

விவசாயிகளே அவர்களைப் போலீசிடம் பிடித்துக்கொடுத்தார்கள் என்று சுருக்கமாக எழுதிவிடுவார்கள். சில இடங்களில் அப்படி நடந்தது. ஆனால் பெரிய கைதுகளுக்கு ஒரு முக்கியக் காரணம், சரதோவில் அவர்கள் நடத்திய செருப்புப் பட்டறையில் போலீசுக்குச் சிக்கிய முகவரிகள். விவசாயிகள் பலர் அவர்கள் சொன்னதைக் கேட்டார்கள்; நிலம் பற்றிப் பேசினால் தலையாட்டினார்கள், ஜாரைக் குறை சொன்னால் முகம் சுளித்தார்கள்.

பிடிபட்டவர்கள் விசாரணையில்லாமல் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். சிலர் உள்ளேயே செத்தார்கள், சிலருக்குப் புத்தி பேதலித்தது. கடைசியில் 193 பேர் மீது நடந்த வழக்கில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் விடுதலையானார்கள். அவர்களிலும் பலரை ஜாரின் ஆணை, தீர்ப்பைத் தாண்டி நாடு கடத்தியது. விடுதலையானவர்களில் இரண்டு பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்திரேய் ஷெல்யாபவ், சோஃபியா பெரோவ்ஸ்கயா. சிறைக்குள் போகும்போது அவர்கள் பிரசாரகர்கள்.

வேரா ஸசூலிச் வழக்கு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அந்த 193 பேர் வழக்கின் தீர்ப்புக்கு மறுநாள், 1878 ஜனவரி 24 அன்று, வேரா ஸசூலிச் என்ற 28 வயதுப் பெண் மனு கொடுக்க வந்தவர்போல் பீட்டர்ஸ்பர்க் நகர ஆளுநர் திரேப்பவின் அலுவலகத்துக்குப் போய் அவரைச் சுட்டார். காரணம், முந்தைய ஆண்டு ஒரு கைதி தனக்கு முன்னால் தொப்பியைக் கழற்றவில்லை என்று திரேப்பவ் அவனைப் பிரம்பால் அடிக்கவைத்தது. அந்தக் கைதியை ஸசூலிச்சுக்குத் தெரியவே தெரியாது.

அரசு இதைச் சாதாரணக் கொலை முயற்சி வழக்காக ஜூரி முன் வைத்தது. சுட்டதை அவரே ஒப்புக்கொண்டிருந்தார், ஜூரியில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள். தண்டனை நிச்சயம் என்று நினைத்தார்கள். வழக்கறிஞர் அலெக்சாந்தரவ், நீதி கிடைக்காத நாட்டில் ஒரு மனிதனின் அவமானத்தை யாராவது கேட்க வேண்டாமா என்ற திசையில் வழக்கைத் திருப்பினார். குற்றவாளி இல்லை என்றது ஜூரி. அரங்கம் அதிர்ந்தது. மறுபடி கைது செய்ய உத்தரவு வந்தது. அதற்குள் அவர் தப்பிவிட்டார். அதன்பிறகு இப்படிப்பட்ட வழக்குகளை ஜூரியிடமிருந்தே எடுத்துவிட்டார்கள். ஜார் தானே கட்டிய மேடையை இப்படித் தானே சுருக்கிக்கொண்டார். ஸசூலிச் பின்னாளில் பயங்கரவாதத்தை எதிர்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

எல்லா எதிர்ப்பாளர்களும் குண்டை ஆதரித்தார்களா?

இல்லை. 'நிலமும் விடுதலையும்' என்ற அமைப்பு இந்தக் கேள்வியில்தான் 1879இல் இரண்டாக உடைந்தது. பிளெகானவ் போன்றவர்கள் கிராமப் பிரசாரமே வழி என்று பிரிந்தார்கள். ஷெல்யாபவும் பெரோவ்ஸ்கயாவும் 'மக்கள் விருப்பம்' என்று பொருள்படும் நரோத்னயா வோல்யாவில் சேர்ந்தார்கள். அது ஜாருக்கு மரண தண்டனை அறிவித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபை வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கை.

நவம்பரில் மாஸ்கோ அருகே ரயிலைத் தகர்த்தார்கள். ஜார் இருந்தது வேறு ரயிலில். 1880 பிப்ரவரி 5 அன்று, தச்சனாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஹல்தூரின் குளிர்கால அரண்மனைக்குள்ளேயே வெடி வைத்தார். விருந்து தாமதமானதால் ஜார் தப்பினார். செத்தது காவலுக்கு நின்ற 11 பேர். யாருக்காகப் போராட்டம் என்றார்களோ அதே எளிய குடும்பங்களிலிருந்து பட்டாளத்துக்கு வந்தவர்கள் அவர்கள். இதை ஒரு வரியில் கடந்துபோகும் வரலாறுகளை என்னால் ஏற்க முடியவில்லை.

கொல்லப்பட்ட அன்று ஜார் அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டார் என்கிறார்களே?

பாதி உண்மை. அரண்மனை வெடிப்புக்குப் பிறகு ஜெனரல் லோரிஸ் மெலிகவிடம் பெரும் அதிகாரம் கொடுக்கப்பட்டது. அவர் மூன்றாவது பிரிவைக் கலைத்தார், தணிக்கையைத் தளர்த்தினார். ஸெம்ஸ்த்வோக்களும் நகர மன்றங்களும் தேர்ந்தெடுக்கும் சிலர் சட்ட வரைவுகளைப் பற்றி ஆலோசனை சொல்ல வழி செய்யும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. 1881 மார்ச் 1 காலையில் ஜார் அதற்கு ஒப்புதல் கொடுத்து, 4ஆம் தேதி அமைச்சர்கள் கூட்டத்தில் வைக்கச் சொன்னார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. படை அணிவகுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, யெகதெரீனா கால்வாய்க் கரையில் நரோத்னயா வோல்யாவைச் சேர்ந்த ரிசக்கோவ் முதல் குண்டை வீசினான். ஜாருக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியை விட்டு இறங்கி, அடிபட்டவர்கள் கிடந்த இடத்தைப் பார்க்கப் போனார். அதே அமைப்பின் கிரினெவீத்ஸ்கி இரண்டாவது குண்டை வீசினான். அன்றைக்கே ஜாரும் கிரினெவீத்ஸ்கியும் செத்தார்கள். வழியில் நின்ற ஒரு சிறுவனும் பலியானான்.

தூக்கிலிடப்பட்டவர்கள் யார்?

ஷெல்யாபவ், பெரோவ்ஸ்கயா, கிபால்சிச், மிகாய்லவ், ரிசக்கோவ். ஏப்ரல் 3 அன்று. பெரோவ்ஸ்கயா பீட்டர்ஸ்பர்க் முன்னாள் ஆளுநரின் மகள். அரசியல் குற்றத்துக்காக ருஷ்யாவில் தூக்கிலிடப்பட்ட முதல் பெண். குண்டு செய்த கிபால்சிச் சாவுக்குக் காத்திருந்த நாட்களில் ராக்கெட்டில் மனிதன் பறக்கும் இயந்திரத்துக்கு வரைபடம் போட்டார். போலீஸ் கோப்பில் கிடந்த அது 1918இல்தான் அச்சேறியது. ஆறாவது நபர் கெஸ்யா கெல்ஃப்மன் கர்ப்பமாக இருந்ததால் தூக்கிலிருந்து தப்பினார். ஆனால் குழந்தை பெற்ற சில மாதங்களில் சிறையிலேயே இறந்தார்.

கொலைக்குப் பிறகு புரட்சி வந்ததா?

வரவில்லை. மார்ச் 10 அன்று நரோத்னயா வோல்யா புதிய ஜார் மூன்றாம் அலெக்சாந்தருக்குக் கடிதம் எழுதியது: மன்னிப்பும் தேர்தலும் கொடுங்கள், ஆயுதத்தைக் கீழே வைக்கிறோம். ஏப்ரல் 29 அன்று பதில் வந்தது, எதேச்சதிகாரம் அசையாது என்ற அறிவிப்பாக. எழுதியவர் புதிய ஜாரின் ஆசிரியராக இருந்த பொபெதனோஸ்த்செவ். லோரிஸ் மெலிகவும் த்மீத்ரி மிலியூதினும் பதவி விலகினார்கள். தெற்கே யூதர்கள் மேல் கலவரங்கள் வெடித்தன. ஆகஸ்டில் 3 ஆண்டுக்கென்று கொண்டுவந்த அவசரச் சட்டம் 1917 வரை நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போனது. 1889இல் கிராமங்கள் மேல் பிரபு குலத்து அதிகாரிகள் உட்கார்த்தப்பட்டார்கள், 1890இல் ஸெம்ஸ்த்வோவில் விவசாயியின் குரல் குறைக்கப்பட்டது.

லோரிஸ் மெலிகவ் திட்டம் நடந்திருந்தால் எல்லாம் மாறியிருக்குமா?

அந்தத் திட்டம் மிகச் சிறியது. ஆனால் சிறிய கதவும் கதவுதான். ட்வேர் பிரபுக்கள் 19 ஆண்டுகளுக்கு முன் கேட்டதில் ஒரு துளி அது. 1862இலேயே அந்தத் துளியைக் கொடுத்திருந்தால் கரக்கோஸவும் பெரோவ்ஸ்கயாவும் வேறு வாழ்க்கை வாழ்ந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். கொலை செய்தவர்களின் குற்றம் இதனால் குறையாது. சட்டப்படி பேச வந்தவர்களையும் கோட்டைக்குள் அடைத்த அரசின் பங்கையும் மறக்கக் கூடாது என்கிறேன்.

விவசாயிகளின் அந்தக் கடன் எப்போதுதான் தீர்ந்தது?

1880களில் தவணை ஓரளவு குறைக்கப்பட்டது. அப்படியும் நிலுவை ஏறிக்கொண்டே போனது. 1905 புரட்சியில் கிராமங்கள் கொந்தளித்த பிறகுதான் அப்போதைய ஜார் இரண்டாம் நிக்கலாய் அதை விட்டுக்கொடுத்தார்: 1906இல் பாதி, 1907 ஜனவரி 1 முதல் முழு ரத்து. விடுதலை அறிவிப்பைத் தேவாலயத்தில் வாசித்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது 45 வயது.